மாநாட்டு நாளில் வந்தவர்

காது, மூக்கு, தொண்டை வைத்தியர்களின் வருடாந்த மாநாடு அந்த முறை எங்கள் ஆஸ்பத்திரி மண்டபத்தில், மட்டக்களப்பில். செவித்திறன் சோதிக்கும் நான்தான் ஏற்பாட்டுக் குழுச் செயலாளர். சாப்பாடு, தங்குமிடம், ஒலிபெருக்கி என்று ஒரு மாதமாகப் பட்டியல் போட்டே களைத்திருந்தேன். மாநாட்டு நாள் கிளினிக்கை ஒத்திவைத்து, நோயாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் எடுத்துச் சொன்னேன். எல்லோரும் "ஓம்" என்றார்கள். பெயர்களுக்கு நேரே சரி போட்டேன்.

மாநாட்டுக் காலையில் ஒரு ஃபைலை எடுக்கப் போனால், கிளினிக்கின் பூட்டிய கதவடியில் உன்னிச்சைக் கிராமத்து வயல்காரர் ஒருவர் நின்றார்.

"ஐயா, வரவேணாமெண்டு போனில சொன்னேனே?" என்று காதருகே கத்தினேன்.

"நீங்களா மகள் அது? ஒண்டும் விளங்கல்ல. மரியாதைக்கு ஓம் ஓமெண்டு சொல்லிப்போட்டு வெச்சன். காது கேட்டா நான் ஏன் இஞ்ச வாறன்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது கேளாதவர்களுக்கு, படித்த நான், போனில் தகவல் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த தவணைக்குள் அறுவடை தொடங்கிவிடும், அவர் வரமாட்டார். கதவைத் திறந்து சோதனை செய்தேன். மாநாடு அரை மணித்தியாலம் பிந்தியது. ஏச்சு வாங்கினேன்.

இப்போது யாராவது "ஓம்" என்றால், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். பலரால் முடிவதில்லை.