மஞ்சள் தடவிய புத்தகம்

அந்தப் புத்தகத்தின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருந்தது. கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரியே, ஈரம் காயாத மஞ்சள். வெற்றிலைத் தட்டில் அடுக்கி மச்சான் அதை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வீடு வீடாகக் கொண்டுபோனார். பலர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டார்கள். "கல்யாணம் இல்லீங்க. நான் எழுதின கதை. ஞாயித்துக்கெழம வெளியிடுறோம், வந்துருங்க" என்பார் அவர். மஞ்சள் தடவியதைக் கைநீட்டி வாங்கிவிட்டால் விசேஷத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதைக் கணக்குப் போட்டுத்தான் தடவினாரா, வேறு எப்படி அழைப்பது என்று தெரியாமல் செய்தாரா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். பொழுது சாய்வதற்குள் பாதிப் புத்தகங்கள் அக்கா வீட்டு வாசற்படிக்குத் திரும்பி வந்திருந்தன.

மச்சான் என் அக்காவின் கணவர். இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுவது அவர் வேலை. நான் அங்கேயே தூள் சலிக்கிறவன். சாப்பாட்டு நேரத்தில் விறகு அட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் ஏதோ எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். யார் மேலோ புகார் சொல்லிப் பெட்டிசம் எழுதுகிறார் என்று நினைத்தோம். பேச்சுக்கூட அவர் பக்கத்தில் குறைந்துபோனது. கடைசியில் பார்த்தால் அது நாவல்.

'தனி நிரை' என்று பெயர் வைத்திருந்தார். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசைதான் நிரை. கதையில் தோட்டமே சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறது. ஒருவன் மட்டும் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் போய் நிற்கிறான். அவனுக்குத் தோட்டத்தை நடத்தும் துரையின் மேல் பாசம் கிடையாது. போராட்டம் தப்பு என்றும் அவன் சொல்லவில்லை. 'என்னைக் கேட்காமல் எனக்காக முடிவு செய்ய யாருக்கும் உரிமை இல்லை' என்கிறான். தனியாக நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிறான், அந்த நாளின் சம்பளத்தை வாங்க மறுக்கிறான். ஊரை எதிர்த்து நிற்கிறவன் நல்லவனாக இருக்க முடியுமா என்பதுதான் கதை முழுக்க வருகிற கேள்வி. அதற்குப் பதிலே எழுதாமல் முடித்திருந்தார். பதிப்பகம் எதற்கும் அவர் அனுப்பவில்லை. "இன்னொருத்தன் திருத்துனா அது அவன் கதை ஆயிரும் மாப்ளே" என்றார். ஹட்டனில் ஓர் அச்சகத்தில் தானே கொடுத்து அடித்தார்.

புத்தகப் பெட்டிகள் வந்து இறங்கிய வாரத்தில் அக்கா வீட்டுப் பசு காணாமல் போயிருந்தது. மாடு கட்டியிருந்த கொட்டிலில் பெட்டிகள் ஏறின. "மாடுன்னா புல்லு தின்னுட்டு பாலு குடுக்கும். இது புல்லும் கேக்கல, பாலும் குடுக்கல" என்று அக்கா பெட்டிகளைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் ஒரு பசுவை விற்று இத்தனை புத்தகம் அடிக்க முடியுமா என்று லயமே கேட்டது. அதற்கு முந்தைய மாதம் மச்சான் இரண்டு தடவை துரை பங்களாவுக்குப் போய் வந்ததையும் ஆட்கள் பார்த்திருந்தார்கள். தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர், எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் எல்லோர் முன்னாலும் புத்தகத்தை முகர்ந்து பார்த்தார். "என்னமோ தொர வூட்டு தேத்தண்ணி வாசம்ல வருது" என்றார். சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பொறுக்காமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மச்சான், தொர ஏதும் ஒதவி செஞ்சாருங்களா?"

"நான் இல்லேன்னு சொன்னா நம்புவியா?"

நான் குனிந்து கீழே கிடந்த விறகுச் சிராயைப் பொறுக்கினேன்.

"அப்ப ஏன் கேக்குற? நீயா யோசிச்சு ஒரு முடிவுக்கு வா. என்னைக் கேட்டு முடிவு பண்ணாத." அவர் அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினார். பங்களாவுக்கு ஏன் போனார் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடமும்கூட.

கோயில் மண்டபத்தின் சாவி தொலைந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதனால் மாட்டுக் கொட்டிலைக் கழுவி, தறப்பாள் கட்டி வெளியீடு வைத்தார். முதல் பிரதியை ஊரில் பெரிய மனிதர் ஒருவர் வாங்க வேண்டும். தலைவர் முடியாது என்றுவிட்டார். பள்ளிக்கூடத்து அதிபருக்குக் கால் வலி. அக்காவும், பக்கத்து டிவிஷன் மாதாகோயில் உபதேசியாரும், நானும்தான் உட்கார்ந்திருந்தோம். பீலியடியில் சில பெண்கள் துவைத்த துணியையே துவைத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் என் பெயரைக் கூப்பிட்டார்.

நாலு பேர் பார்க்க எழுந்து நிற்பதே எனக்குப் பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்தப் புத்தகத்தை வாங்குகிறவனையும் துரைக்கு விலைபோன கருங்காலி என்பார்கள். மச்சானை நம்பி எழுந்தேன் என்று சொன்னால் பொய். அந்த நிமிடத்திலும் பங்களாவுக்கு ஏறும் பாதைதான் கண்ணில் நின்றது. ஆனால் அவருடைய இரண்டு கைகளும் நீட்டியபடி இருந்தன, வாங்க வேறு ஆளில்லை. போய் வாங்கினேன். மஞ்சள் என் கட்டைவிரலில் ஒட்டியது. மறுநாளிலிருந்து தொழிற்சாலையில் தேத்தண்ணிக் கேத்தலைச் சுற்றிக் கொண்டுவருகிறவன் என் கோப்பையைத் தாண்டிப் போனான். அது வெகு காலம் நடந்தது.

மச்சான் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். மிச்சப் பெட்டிகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. போன வாரம் அதே தலைவர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சம்பள ஒப்பந்தத்துக்கு எல்லாத் தோட்டத் தலைவர்களும் தலையாட்டியபோது இவர் ஒருவர் மட்டும் முடியாது என்றுவிட்டாராம். கம்பெனிதான் இவரைப் பிடித்துக் கலகம் செய்ய வைக்கிறது என்று அவருடைய ஆட்களே பேசுவதை நானும் கேட்டிருந்தேன்.

"ஒன் மச்சான் பொஸ்தகம் ஒண்ணு இருக்கா தம்பி?"

"எதுக்குங்க?"

"படிக்கத்தான். வேற எதுக்கு?"

அதையும் நான் நம்பவில்லை. தன்னைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேட வந்திருக்கலாம். அவர் போகாமல் நின்றார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நான் வெல போயிட்டேன்னு பேசுறாய்ங்க. நீயும் அப்டித்தான் நெனக்கிறியா?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். சமையற்கட்டில் மஞ்சளைக் குழைத்து நான்கு மூலைகளிலும் தடவி, வெளியே வந்து இரண்டு கைகளாலும் நீட்டினேன். அவர் மஞ்சளைப் பார்த்தார். பிறகு குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினார்.