பலாவின் கழுத்து

ஒரு மரத்தின் கழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, மூலக்குளத்தில், அக்கா வீட்டுப் பின்பக்கம். இத்தனை வருஷமாக அதைத்தான் கால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பலாமரம். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வைத்தது. மில்லை மூடினார்கள். மாமா வாட்ச்மேன் ஆனார், பிறகு அதையும் விட்டார். மரம் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை. வருஷா வருஷம் காய்த்தது.

இந்த ஐப்பசி அடைமழையில் அது மதில் பக்கம் சாய்ந்துவிட்டது. கொஞ்சம்தான். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் பிலோமினாக்காவின் சமையல்கட்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதன் கீழே விடிகாலையிலிருந்து ஆவி பறக்கும் இட்லிக் குண்டான். டிபன் வியாபாரம்தான் அந்த வீட்டுக்குச் சோறு.

அவர் சண்டை போடவில்லை. மதில் ஓரம் நின்று சொன்னார்: "அண்ணே, ஒங்க மரத்துப் பழத்த நானும்தான் தின்னேன். இல்லன்னு சொல்லல. ஆனா இட்லி ஊத்தச்சொல்லோ மாவப் பாக்கறனா, மேல பாக்கறனா?"

மாமா சில நாள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அவரே மர வியாபாரிக்குப் போன் பண்ணினார்.

நான் போனபோது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் மப்ளரோடு. மழை இறங்கினால் அக்கா அவருக்கு மப்ளர் சுற்றிவிடுவாள். புதுச்சேரிக் குளிருக்கு மப்ளர்! வேண்டாம் என்றால், நெஞ்சில் சளி கட்டினால் யார் பார்ப்பது என்பாள். அதற்கு மேல் பேச்சு ஏது?

பலாப் பலகைக்கு நீளம் முக்கியமாம். அடியோடு அறுக்க வேண்டும் என்று வியாபாரியின் ஆள் மண்வெட்டியால் தோண்டத் தொடங்கினார். முழங்கால் ஆழம் போயிற்று. தண்டு அப்படியே விளக்குக் கம்பம் மாதிரி நேராக இறங்கியது. அடி அகலவேயில்லை, வேர் பிரியவேயில்லை. இன்னும் தோண்டினார்… இடுப்பாழம்.

"என்னாங்கய்யா, மரம் வச்சீங்களா, போஸ்ட் நட்டீங்களா?" என்றார் வியாபாரி.

மண்வெட்டி சிமெண்டில் மோதி 'ணங்' என்றது. மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு விளிம்பு. மாமா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"மச்சான்… இது நான் கட்டுன பாத்தி."

தண்ணீர் விடுவதற்காகத் தரைக்கு மேலே கட்டிய பாத்தி, இடுப்பாழத்தில் கிடக்கிறது!

எப்படி நடந்தது? ரகசியம் ஒன்றுமில்லை. தெருவில் ரோடு போடப் போட உயர்ந்தது. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு தடவையும் டிராக்டரில் கிராவல் அடித்துத் தரையை மேடாக்கினார்கள். அதற்கு மேல் மாமாவின் பங்கு வேறு. மழைக்கு முன்னால் செம்மண்ணும் எருவும் கொண்டுவந்து மரத்தடியில் குவித்து, காலால் மிதித்து இறுக்குவார். காற்றில் ஆடக் கூடாதாம். பிள்ளைக்குப் போர்த்துவது போலச் செய்வார்.

மரம் சொல்லாமலா இருந்தது? அடியில் தொங்கிய காய் தரையைத் தொட்டது. வயசாகிவிட்டது, இறங்கிக் காய்க்கிறது என்றோம். கிளை தலையில் இடித்தது. மரம் குனிகிறது என்றோம். அது எங்கே குனிந்தது? நாங்கள்தான் ஏறிக்கொண்டே இருந்தோம்.

குழிக்குள் இறங்கிப் பட்டையைத் தொட்டேன். டீயில் ஊறிய ரொட்டி போலக் கையோடு வந்தது. அடியில் கறுப்பு. புளித்த வாடை. வியாபாரி ஒரு தடவை மோந்து பார்த்தார். விறகுக்குத்தான் ஆகும், நமக்கு வேண்டாம் என்று ரம்பத்தை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

"நல்லதுன்னுதான மச்சான் செஞ்சேன்…" என்றார் மாமா.

கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நண்பனுக்கு போட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டேன். அடிப்பட்டைக்குக் காற்று வேண்டும், மண்ணுக்குள் ஈரத்திலேயே கிடந்தால் அழுகும் என்றான். மற்றொரு பக்கத்தில் பட்டை இன்னும் உயிரோடு இருக்கிறதாம், போட்டோவிலேயே தெரிகிறதாம். சமையல்கட்டுப் பக்கக் கிளையை இறக்கிப் பாரத்தைக் குறைக்க வேண்டும். குழியில் தண்ணீர் நிற்கவிடக் கூடாதாம். பிழைக்குமா என்று கேட்டேன். தெரியாது, ஆனால் மறுபடி மூடினால் சாகும், அது தெரியும் என்றான்.

மதில் மேல் பிலோமினாக்காவின் தலை தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். குழியை எட்டிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"கிளைய இன்னிக்கே எறக்கிடுங்க. அடுப்ப நான் வாசப்பக்கம் மாத்திக்கறேன். பொங்க வரைக்கும் பாப்பம். அப்பறமும் சாஞ்சா என்னக் கேக்கக் கூடாதுண்ணே."

மாமா தலையாட்டினார். வியாபாரியின் ஆள் ரம்பத்தை வண்டியிலிருந்து திரும்ப எடுத்து, கயிறு கட்டிக் கிளையை இறக்கினார். அதிகம் காய்க்கும் கிளை. மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

திரும்பி வரும்போது தெருவில் ஒவ்வொரு வீட்டு மரமாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. டைல்ஸ் ஒட்டிய மேடைக்குள் ஒரு வேம்பு. பார்க்கிங் கல்லுக்குள் ஒரு மா. கண்ணில் பட்ட ஒன்றுக்கும் கால் இல்லை. எல்லாம் ஆசை ஆசையாக வளர்த்தவை.

நேற்று மறுபடி போனேன். தூறல். மாமா குழியோரம் குந்தி, தேங்கிய தண்ணீரைப் பிளாஸ்டிக் மக்கால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். உயிரோடிருக்கும் பக்கத்தில் பட்டை கொஞ்சம் இறுகியிருந்தது போலத் தோன்றியது. தோன்றியதுதான்… பொங்கல் வரட்டும்.

அக்கா மப்ளரோடு வந்தாள். மாமா மக்கைக் கீழே வைத்தார். குழிக்குள் கறுத்துக் கிடந்த பட்டையைக் காட்டினார். பிறகு தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

அக்கா முறைத்தாள். மப்ளரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் குடை வந்தது. பரவாயில்லை, குடை கழுத்தைத் தொடாது.