சாரத்தில் ஏறாத எலும்பு

சேலத்து மருத்துவமனை நடைவழியில் எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி பொன்னி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோலோடு நான். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் தோட்டத்தில் மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து, இடது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தகடு வைத்தும் கூடவில்லை.

உள்ளே மருத்துவர் கேட்டார். “பீடி, சிகரெட் உண்டா?”

“இல்லீங்க.”

விட்டுவிட்டதாகப் பொன்னியிடம் சொல்லியிருந்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தினம் ஐந்தாறு பீடி ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவர் அவள் பக்கம் திரும்பினார். “பால், முட்டையெல்லாம் ஒழுங்கா குடுக்கறீங்களாம்மா?”

அவள் தலை குனிந்துகொண்டாள். நான் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த அறுவையில் செத்த எலும்பை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் செராமிக் சாரம் (கடற்பஞ்சு போல் துளைகள் உள்ள செயற்கைப் பொருள்) வைத்தார்கள். என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை (புது எலும்பை உண்டாக்கும் செல்கள் இருக்கும் கூழ்) உறிஞ்சி அதில் ஊற்றினார்கள். கொத்தனார் சாரத்தில் ஏறிச் சுவர் எழுப்புவது போல, செல்கள் அதைப் பிடித்து எலும்பு கட்டும் என்றார் மருத்துவர்.

வீட்டில் பொன்னி தன் பங்கு முட்டையையும் என் தட்டில் வைத்தாள். “எனக்குத்தான் பக்குவம் தெரியல போலங்க” என்பாள். நான் தின்றுவிட்டுக் கொட்டகைப் பக்கம் போவேன்.

மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் சாரம் வைத்தபடியே கிடந்தது. புது எலும்பு ஒரு இழைகூட இல்லை. பொன்னி அழுதுவிட்டாள். “நாந்தானுங்க சரியாப் பாத்துக்கல.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “பீடி குடிக்கறேங்க. நிறுத்தவே இல்லீங்க.”

மருத்துவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். பிறகு, “புகை ரத்தக் குழாயைச் சுருக்கும். ரத்தம் போகாத இடத்துல எந்தச் செல்லு பிழைக்கும்?” என்றார்.

பேருந்தில் பொன்னி வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். பேருந்து மலையேறி, ஊரில் இறங்கிய பிறகுதான் பேசினாள். “எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்க.”

அன்றோடு பீடி நின்றது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மருத்துவர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாத குற்றத்தை உங்கள் வீட்டில் யாரோ சுமப்பார்கள்.

ஒன்பதாம் மாதம் படத்தில் சாரத்தைச் சுற்றி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. “கூடிருச்சு” என்றார் மருத்துவர். நான் சிரித்தேன். பொன்னி சிரிக்கவில்லை. தயங்கி, அவரிடம் கேட்டாள்.

“அப்ப, என் சாப்பாட்டுல குத்தமில்லீங்களே?”

உண்மையைச் சொன்னதோடு எல்லாம் தீர்ந்தது என்று ஆறு மாதம் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறேன். ஏற்றத்தில் இடது கால் கொஞ்சம் பிந்தி வருகிறது. நான் அதை அவசரப்படுத்துவதில்லை. பொன்னி என்னோடு பேசும் பேச்சும் அப்படித்தான், மெதுவாக, அதற்குத் தோன்றும்போது வருகிறது. காத்திருக்கிறேன்.