வெள்ளைத் துணி போட்ட டிவி

கண்டக்குழியில் எங்கள் வீடு எரிந்தது ஒரு பகல் வேளையில். மின்சார வயர் சோட்டாகிப் பிடித்த தீ. தைத்த சட்டையொன்றைப் பக்கத்துத் தெருவில் கொடுத்துவிட்டு வருவதற்குள் கூரை இறங்கிவிட்டது. சண்டை முடிந்த பிறகு வங்கிக் கடனில் கட்டிய வீடு. கடன் தரும்போதே வீட்டுக்கும் சாமானுக்கும் காப்புறுதி போட வைத்திருந்தார்கள். கட்டி முடித்த மறுவருடம் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். ஆகவே அந்தக் காப்புறுதியை நம்பித்தான் புத்தளத்திலிருந்த காப்புறுதி அலுவலகத்துக்குப் பஸ் ஏறினேன்.

அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர். என் பட்டியலை முழுவதும் வாசித்தார்.

"சுவருக்கும் கூரைக்கும் பிரச்சினை இல்ல அக்கா. சாமானுக்குத்தான் பில் வேணும்."

"பில்லெல்லாம் அலுமாரி லாச்சிக்குள்ளதான் வச்சிருந்தேன். அலுமாரியே எரிஞ்சு போச்சே."

"அப்ப வீட்டுக்குள்ள எடுத்த படம் ஏதும் இருக்கா? சாமான் தெரியிற மாதிரி?"

படங்களும் அதே அலுமாரியில்தான் இருந்தன. டிவி வாங்கிய கடை கைமாறியிருந்தது. பழைய கணக்குப் புத்தகங்கள் இல்லை என்றார்கள். கிராம சேவகர் கடிதம் தந்தார், வீடு எரிந்தது உண்மை என்று. உள்ளே என்ன இருந்தது என்று அவர் எப்படி எழுதுவார்? மூன்று தரம் போய் வந்தேன். என் வீட்டில் நான் வைத்திருந்ததை நான் சொன்னால் போதாது என்பது எனக்குப் பிடிபடவே நாளெடுத்தது.

அப்போதுதான் முந்தலில் இருக்கும் மச்சாள், என் கணவரின் தங்கை, கோல் எடுத்தாள்.

"எங்கட வீட்ட ஒரு படம் இருக்கு மச்சாள். அண்ணன்ட செத்த வீட்டுல எடுத்தது. பின்னால சாமானெல்லாம் தெரியுது."

அந்தப் படத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மச்சாளே கொண்டுவந்து அதிகாரியின் மேசையில் வைத்தாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நானும் பிள்ளைகளும். பின்னால் அலுமாரி, தையல் மெசின், ஃபிரிட்ஜ்.

"ஒவ்வொண்டாக் காட்டுங்க அக்கா."

எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. எழுந்தால் மெசின் இல்லை, மெசின் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை. பெட்டிக்குள் கிடந்த என் கணவரின் முகத்தில் கண் படாமல் படத்தின்மேல் விரலை நகர்த்தினேன். நான் காட்டக் காட்ட அதிகாரி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

"இது?"

"டிவி."

"வெள்ளைத் துணி மட்டும்தானே தெரியுது."

"செத்த வீட்டுல டிவியை மூடித்தானே வைப்பம்."

"எனக்கு விளங்குது அக்கா. மேல இருக்கிறவங்க ஏத்துக்க மாட்டாங்க." பட்டியலில் டிவியை வெட்டினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "படம் ஃபைலோட இருக்கணும். ஒரிஜினல்தான்."

மச்சாள் படத்தின் ஓரத்தைப் பிடித்தாள். "அண்ணன்ட படம் எனக்கு இது ஒண்டுதான் இருக்கு."

பக்கத்துக் கடையில் போட்டோ கொப்பி எடுத்துப் பார்த்தோம். அதில் அவர் முகம் கறுத்துக் கிடந்தது. கடைசியில் அவள்தான் படத்தை என் கையில் தந்தாள். அதை ஃபைலுக்குக் கொடுத்துக் கையெழுத்து வைத்தேன். அவள் முந்தல் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

டிவியைத் தவிர மற்றதற்கெல்லாம் காசு வந்தது. முதலில் மெசின் வாங்கினேன், பிறகு கூரை போட்டேன். படம் கொழும்புக்குப் போன ஃபைலில் இருக்கிறதாம். மச்சாள் கோல் எடுக்கும்போதெல்லாம் அதைக் கேட்கிறாள். நான் புத்தளத்துக்குப் போய்க் கேட்கிறேன். அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள்.