ஊருக்கெல்லாம் ஒரே பல்செட்

காத்திருக்க வைக்காமை என்பதும் ஓர் அறமே. வாசலில் நிற்பவர் நேரத்தைத் தம் நேரமாக எண்ணுவோர்க்கே அது வாய்க்கும். அது அளவுக்கு மீறி வாய்த்த ஒருவர், இணையதளங்களை உருவாக்கிப் பேணும் பொறியாளர். யார் எதைக் கேட்டாலும், கேட்டு முடிக்குமுன் "இதோ" என்பார். அலுவலகத்தார் அவருக்கு 'இதோ' என்றே பெயர் சூட்டிவிட்டனர்.

பல் மருத்துவமனை ஒன்றின் தளம் அவர் பொறுப்பில் இருந்தது. ஆமையே இரக்கப்படும் வேகம் அதற்கு.

"பக்கம் திறக்கறதுக்குள்ள வலிக்கிற பல்லு தானா விழுந்துடுது. அப்புறம் நான் எதைப் பிடுங்கறது?" என்று மருத்துவர் நொந்துகொண்டார்.

அச்சொல் இதோவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. வருவோர் ஒவ்வொருவர்க்கும் பக்கத்தைப் புதிதாகச் சமைப்பதால்தான் தாமதம். ஒருமுறை சமைத்ததைச் சேமித்துவைத்து, அடுத்து வருவோர்க்கெல்லாம் அதையே பரிமாறும் வசதி அவர் மென்பொருளில் உண்டு, கேஷ் என்பார்கள். எப்பக்கங்களைச் சேமிப்பது என்று அமைப்புக் கோப்பில் எழுதினால் போதும். கட்டணம், திறந்திருக்கும் நேரம் போன்றவை எல்லார்க்கும் பொது, சேமிக்கலாம். உள்நுழைந்தபின் தோன்றும் 'என் பக்கம்' அவரவர்க்கே உரியது, சேமிக்கலாகாது. ஆனால் விரைவை வழங்குவதில் ஓரவஞ்சனை ஏன் என்று கருதிய இதோ, 'எல்லாப் பக்கங்களும்' என்று எழுதிவிட்டுக் காலை உணவுக்கு அமர்ந்தார்.

எதிரே மாமியார், வாயைத் துண்டால் மறைத்தபடி அமர்ந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. பழைய பல்செட் உடைந்ததிலிருந்து அவர் பேசுவதில்லை. புதியதற்கு அதே மருத்துவமனையில்தான் சொல்லியிருந்தார்.

"அம்மா பேசாம இருந்தா எனக்கே பயமா இருக்குங்க. சாயங்காலம் அவங்க ஸ்கூல் மேடையில வேற பேசணும்" என்றாள் மனைவி.

மாமியார் தம் கைப்பேசியில் மருத்துவமனைத் தளத்தின் 'என் பக்கம்' திறந்தார். கண்கள் மலர, மருமகனிடம் நீட்டினார். 'வணக்கம். தங்கள் பல்செட் தயார். இன்றே நேரில் வந்து பெற்றுக்கொள்க.'

"இதோ, மதியம் நானே வாங்கிட்டு வரேன் அத்தை" என்றார் இதோ. அந்தப் பக்கமே சேமிக்கப்பட்டு, இனி யார் திறந்தாலும் அதுவே வரும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

மதியம் அவர் போனபோது மருத்துவமனை வாசலில் தெருமுனை வரை வரிசை நின்றது.

"உங்களுக்கும் பல்லு இல்லையா?" என்று முன்னால் நின்ற தச்சரைக் கேட்டார்.

தச்சர் வாய் திறந்து காட்டினார். முத்துக் கோத்தாற்போல் அத்தனையும் இருந்தன. "இருக்கு. ஆனா ரெடின்னு வந்திருக்கே. நமக்குத் தெரியாதது டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"பல்லுள்ளவன் பக்கோடா தின்பான்னு இருந்துட முடியுமா? நாளைக்கு விழுந்தா?" என்றாள் அவருக்கு முன்னால் நின்ற தையற்காரி.

காலையில் தாம் எழுதிய 'எல்லாப் பக்கங்களும்' செய்த வேலை இதோவுக்கு விளங்கியது. வரவேற்பு மேசைக்கு ஓடினார்.

"ரெடியா இருந்தது ஒண்ணே ஒண்ணுதான் சார். மொத ஆளா வந்து போனைக் காட்டினாரு, குடுத்துட்டேன். எதிர் பேங்க்குல வாசல் காவல்காரரு" என்றாள் மேசைப் பெண்.

காவல்காரர் துப்பாக்கியும் மீசையுமாக நின்றிருந்தார். சட்டைப் பையில் பெட்டி புடைத்திருந்தது.

"அண்ணே, அது எங்க அத்தையோட பல்லு. தப்பு என்மேலதான். சாயங்காலம் அவங்க மேடை ஏறணும்."

"தம்பி, எனக்கு ரெடின்னு எனக்கு வந்திருக்கு. உங்க அத்தை பேச்சைக் கேக்கறதா, கம்ப்யூட்டர் சொல்றதைக் கேக்கறதா?"

"போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஏற்கெனவே உள்ளே ஆள் இருக்கு, இடம் பத்தல. பழகிடும்னு விட்டுட்டேன்."

இவரிடம் வாதாடிப் பயனில்லை என்று இதோ உணர்ந்தார். வங்கிப் படியிலேயே அமர்ந்து மடிக்கணினியைத் திறந்தார். 'எல்லாப் பக்கங்களும்' என்பதை அழித்து, பொதுப் பக்கங்களை மட்டும் குறித்தார். சேமிப்பில் இருந்தவற்றை அடியோடு துடைத்தார்.

"இப்ப உங்க பக்கத்தைத் திறங்கண்ணே."

திரையில் சக்கரம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது; பக்கம் புதிதாகச் சமைகிறது. பிறரைக் காத்திருக்க வைத்து, அதற்காக இதோ மகிழ்ந்தது வாழ்நாளில் அன்றுதான்.

'வணக்கம். தங்கள் பல் சுத்தம் செய்யும் நாள் அடுத்த மாதம்.'

காவல்காரர் எழுத்தெழுத்தாகப் படித்தார். பெட்டியை எடுத்து நீட்டினார்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் தம்பி வாங்கறேன்? நல்லா கழுவிக் குடுங்க."

மாலையில் மாமியார் நிமிர்ந்தே மேடையேறினார். அத்தனை நாள் அடக்கிவைத்த பேச்செல்லாம் அன்று மடை திறந்தது. நடுவில் ஒருமுறை, "தாமதமா வந்தாலும் அவங்கவங்க பொருள் அவங்கவங்களுக்குத்தான் வரணும். இல்லையா மாப்பிள்ளை?" என்றார்.

முன்வரிசையில் இருந்த இதோ, பழக்கத்தை விடுத்துச் சற்றே யோசித்து, "ஆமாம் அத்தை" என்றார்.

அவர் இல்லத்தை நாடி வருவோர் வாசலில் வாடாதிருக்க. அங்கு உண்பவை நன்கு மெல்லப்படுக. அவரவர்க்கு உரிய நன்மை அவரவரையே அடைந்து, இறையருளால் அக்குடி நீடு வாழ்க.