சீருக்கு வாங்கிய பீரோ

என் வீட்டுக்காரர் லாசரஸ் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அதில் சந்தேகம் வந்துவிடும்.

குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ரிட்டையரானவர். அவரைக் கேட்காமல் ஒரு போல்ட்டு வெளியே போனதில்லை என்று இன்றைக்கும் பெருமையடிப்பார். ரிட்டையரானதும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டை ஸ்டோராக்கிவிட்டார். இஸ்திரிப் பெட்டி பீரோவில். டார்ச் லைட் பீரோவில். என் தங்கை ஆசையாகக் கொடுத்த பிளாஸ்க், அட்டைப்பெட்டியைக் கூடப் பிரிக்காமல் பீரோவில். ஒருமுறை புது மிக்ஸி ஜாரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். சட்னி அரைக்கச் சாவிக்காகக் காத்துக்கிடந்த பெண்பிள்ளை இந்தத் தாம்பரம் வட்டாரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த பீரோ எங்கள் மகள் டெபோராவின் கல்யாணச் சீருக்கென்று வாங்கியது. மாப்பிள்ளை கிடைப்பதற்கு முன்பே பீரோ வந்துவிட்டது! மேற்குத் தாம்பரத்தில் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு கதவையும் முட்டியால் தட்டிப் பார்த்து வாங்கினார். "தகடு பாத்தியா மெட்டில்டா? இன்னா கனம் பாரு! இதுக்குள்ள இருந்து எறும்பு கூட வெளிய போவாது" என்றார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்கிறோமோ இல்லையோ, பீரோவைத் தட்டிப் பார்க்காமல் யாரும் திரும்பிப் போக முடியாது.

டெபோராவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் வராது. படித்து, கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். அவள் பள்ளியில் சைகை மொழி கற்றபோது நானும் கூடவே உட்கார்ந்து கற்றேன். இவருக்கு வந்ததெல்லாம் சாப்பிடு, தூங்கு, சர்ச், சாவி எங்கே, அவ்வளவுதான். நமக்கு போன் என்றால் காதில் வைப்பது. அவளுக்கு வீடியோ கால்தான் பேச்சு. எழுதி அனுப்பலாம்தான், ஆனால் கையால் பேசுகிற பிள்ளைக்கு எழுத்தில் மனசு வராது. நெட் நின்றால் யாரோ அவள் வாயைப் பொத்தின மாதிரி.

இந்த வருஷம் தூத்துக்குடியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் ஸ்டெபின், அச்சகத்தில் வேலை. அவனுக்கும் காது கேட்காது. இரண்டு வீட்டாரும் பேசி, பிள்ளைகள் பழகட்டும், பிடித்திருந்தால் நிச்சயம் செய்யலாம் என்று விட்டோம். அவனுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து நடுராத்திரி வரை ஷிப்ட். அவன் எழுந்திருப்பதற்குள் இவள் பஸ் ஏறியிருப்பாள். வார நாளில் இரண்டு பேருக்கும் பொதுவாகக் கிடைப்பது இவளுடைய சாப்பாட்டு நேரம் மட்டும்தான். ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து வைத்துப் பேசுவாள். பேச இரண்டு கையும் வேண்டுமே. சோறு பாதிநாள் அப்படியே திரும்பி வரும். பிள்ளையின் முகம் மட்டும் மலர்ந்திருக்கும், அதனால் நானும் கேட்கமாட்டேன்.

அப்போதுதான் வீட்டுக்கு வைஃபை போட்டோம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் டெபோரா காது கேளாத நண்பர்களோடு வீடியோவில் ஜெபக்கூட்டம் வைப்பாள். அதற்கு வசதியாக இருக்குமே என்றுதான். வைஃபை போட வந்தவர் பெட்டியை ஹால் சுவரில் அழகாக மாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் நான் சர்ச் பெண்கள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

"எங்கங்க அது?"

"உள்ள வெச்சிட்டேன். பல்லி ஏறுது, தூசி படியுது, ராத்திரியெல்லாம் கண்ணு சிமிட்டுது. கம்பெனிக்காரன் பொருள், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

எங்கள் அறையில் இருந்த பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு, வயர்களை உள்ளே இழுத்து, என் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அதை உட்கார வைத்துப் பூட்டிவிட்டார். கேட்டால், "போன்ல வைஃபை குறி காட்டுதா, இல்லியா?" என்றார். காட்டத்தான் செய்தது. இவர் வைத்திருப்பது பட்டன் போன், நான் பார்ப்பது நாலு குட்மார்னிங் மெசேஜ். எங்களுக்கு என்ன தெரியும்? குறி இருந்ததால் டெபோராவும் பேசாமல் இருந்துவிட்டாள்.

மறு திங்கட்கிழமை ஆரம்பித்தது பேஜார். இவள் வேப்பமரத்தடியில் போனைத் திறந்தால், இன்றைக்கான டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்று மெசேஜ். வீடியோ அசையவே இல்லை. நெட் இல்லை, நாளைக்குப் பேசலாம் என்று ஸ்டெபினுக்கு எழுதி அனுப்பினாள். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. நாள் முழுக்க வரவேண்டிய டேட்டா, காலையில் வீட்டில் இருக்கும்போதே காலியாகியிருக்கிறது. வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே, பிறகு டேட்டாவை யார் குடித்தது?

இவர் விசாரணையை ஆரம்பித்தார். முதலில் மாட்டியவன் மாடியில் குடியிருக்கும் அனிருத். "தம்பி, எங்க நெட்டை இழுக்கிறியா?" என்று படியேறிப் போய்க் கேட்டுவிட்டார். "சார், எனக்குச் சொந்தமா கனெக்‌ஷன் இருக்கு. அப்படியே நான் உங்க வைஃபையை எடுத்தாலும் அக்கா போன்ல இருக்கிற டேட்டா எப்படி சார் போகும்?" என்றான் அவன். நியாயமான கேள்வி. எனக்கு மானம் போயிற்று. அடுத்து சிக்னல் பக்கத்தில் இருக்கும் சிம் கடை. கடைக்காரன் போனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யூஸ் பண்ணிருக்கீங்க, போயிருக்கு" என்றான். அதைச் சொல்ல ஒரு கடை!

டெபோரா தன் சம்பளத்தில் கூடுதல் டேட்டா போட்டுப் பார்த்தாள். அதையும் மறுநாள் காலை ஜெபக்கூட்டத்தோடு எதுவோ விழுங்கிவிட்டது. அது தெரிந்ததும் இவருக்குள் இருந்த ஸ்டோர் கீப்பர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சரக்கு எங்க போச்சுன்னு தெரியாம மறுபடி சரக்கு இறக்கக்கூடாது" என்றார். அதோடு விட்டிருக்கலாம். மகள் பக்கம் திரும்பி, கையை வாய் மாதிரி குவித்து விரல்களை மேலும் கீழும் ஆட்டி, அதே கையால் கழுத்தை வெட்டுகிற மாதிரி காட்டினார். பேச்சு அதிகம், குறை என்று அர்த்தமாம்.

பேச்சு வராத பிள்ளையைப் பார்த்து, அதிகம் பேசுகிறாய் என்று சொன்ன மனிதரை என்ன செய்வது? அடுப்பில் இருந்த தோசைக்கல்லைத் தூக்கியிருப்பேன், சூடாக இருந்ததால் விட்டேன். டெபோரா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மூன்று முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை ஸ்டெபினின் அம்மா கிறிஸ்டினா எனக்கு போன் செய்தாள். "அக்கா, பிள்ளைக்கு இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லிருங்க. கம்ப்யூட்டர் கம்பெனில வேலை பாக்கிற பிள்ளை வாரம் முழுக்க நெட் இல்ல, நெட் இல்லன்னு எழுதினா எவன் நம்புவான்? என் மவன் சரியா சாப்பிடாம கிடக்கான். நாளைக்குக் காலைல கோயில் ஆராதனைக்குப் போறதுக்கு முன்ன அவ கூப்பிடட்டும். இல்லன்னா நாங்க வேற இடம் பாக்கோம், தப்பா எடுத்துக்காதீங்க."

நான் எதைத் தப்பாக எடுப்பது? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். விஷயத்தை டெபோராவிடம் சைகையில் சொன்னேன். "எனக்குப் பிடித்திருக்கிறது, அம்மா" என்று மட்டும் காட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு தன் அறையில் போனோடு உட்கார்ந்தாள். இவர் அதற்குள் நுழைந்து ஒரு சட்டம் போட்டார். "இன்னிக்கு வூட்ல டேட்டாவை ஆஃப் பண்ணிட்டு வைஃபைல மட்டும் பேசட்டும். அப்பத் தெரிஞ்சிடும் யாரு திருடன்னு." அன்றைய டேட்டாவும் போய்விடுமோ என்ற பயத்தில் அவளும் ஆஃப் செய்துவிட்டாள். ஸ்டெபினைக் கூப்பிட்டாள். எடுத்தான். முகம் வந்தது, கையைத் தூக்கினான், அப்படியே உறைந்துவிட்டான். ஹாலுக்கு ஓடினாள். அங்கேயும் தூக்கிய கை தூக்கியபடிதான். எங்கள் அறைக்கு ஓடிவந்தாள். படம் கட்டம் கட்டமாகச் சிதறிச் சிதறி நின்றது. இவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரக் கத்தியைப் பிடித்துக்கொண்டு, "மேல போய்ப் பாரு, வெளிய போய்ப் பாரு" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளை கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

எனக்கோ ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. "அந்தச் சாவியைக் குடுங்க, புடவையாவது எடுக்கிறேன்" என்று எரிச்சலோடு பிடுங்கி பீரோவைத் திறந்தேன்.

பின்னாலிருந்து டெபோரா ஒரு சத்தம் போட்டாள். சந்தோஷம் வந்தால் மட்டும் அவளிடமிருந்து வரும் சத்தம் அது. திரும்பினால், போனில் ஸ்டெபின் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறான், ஒரு தடங்கலும் இல்லை! நான் புடவையை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கதவைச் சாத்தினேன். ஸ்டெபின் உறைந்தான். திறந்தேன், பேசினான். சாத்தினேன், நின்றான். கர்த்தரே! ஊரெல்லாம் தேடிய திருடன் என் பட்டுப்புடவைக்கு நடுவில் உட்கார்ந்து பச்சை விளக்கு எரித்துக்கொண்டிருக்கிறான்.

டெபோரா எனக்குக் கையால் விளக்கினாள். பீரோ தகட்டைத் தாண்டி வைஃபை சரியாக வருவதில்லை. அது மந்தமானால் போன் யாரையும் கேட்காமல் தானாக டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுமாம், அதற்கென்று உள்ளே ஒரு செட்டிங் இருக்கிறதாம். மேலே பெயருக்கு வைஃபை குறி, கீழே குடிப்பது டேட்டா. காலை ஜெபம் முழுவதும் அப்படித்தான் போயிருக்கிறது.

நான் அதை அவருக்குச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், மாடியில் அனிருத்துக்கும் கேட்டிருக்கும். "எறும்பு கூட வெளிய போவாதுன்னீங்களே! உங்க பீரோ உங்க பொண்ணு பேச்சைத்தான் உள்ள வெச்சுப் பூட்டிடுச்சு. அவளையா அதிகம் பேசறான்னீங்க?"

அவர் நுரை காய்ந்த முகத்தோடு வந்து பீரோவின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தார். பிறகு மகளைப் பார்த்துக் கையை வாய் மாதிரி குவித்து விரல்களை மேலும் கீழும் ஆட்டினார். டெபோரா முகம் சுருங்கிவிட்டது. அடுத்து கழுத்து வெட்டு வரும் என்று நானும்தான் பல்லைக் கடித்தேன். வரவில்லை. விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார். பேசு, பேசு என்றார் வாயாலும். கண் கலங்கியிருந்தது.

டெபோரா போனைத் திருப்பி, புடவைக்கு நடுவில் இருந்த பெட்டியை ஸ்டெபினுக்குக் காட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த கிறிஸ்டினாவும் எட்டிப் பார்த்தாள். இவருக்குச் சம்பந்தியம்மாள் முன்னால் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே. அவசரமாகத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனுக்குள் குனிந்தார். "ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா, நல்ல கனமான பீரோ. பொண்ணோட சீரா உங்க வூட்டுக்குத்தான் வரப்போவுது" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் உதட்டைப் படித்துவிட்ட டெபோரா போனை மேஜையில் சாய்த்துவைத்து, இரண்டு கையையும் எடுத்து வேகமாக ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றா?" என்று என்னைக் கேட்டார்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். "சீரா வேற என்ன வேணும்னாலும் குடுங்க, இந்த பீரோ மட்டும் வேண்டாமாம். அங்கேயும் போய் அவங்க ரெண்டு பேரும் பேசணுமாம்."