சிரிப்புக் கட்டு

ஞாயிற்றுக்கிழமை என் தையல் கடை திறக்காது. பூசை முடிந்து வீட்டில் நிம்மதியாகப் படுக்கலாமென்றால் அதுவும் நடக்காது. கோடைக்கானலில் சந்தை கூடுவது அன்றைக்குத்தான். என் கடையின் பலகைக் கதவில் ஆணியடித்து நல்லையா தான் எழுதிய தாளைத் தொங்கவிட்டுவிடுவார். படிக்க நிற்கிற கூட்டம் வாசலெல்லாம் வெற்றிலையைத் துப்பிவைக்கும். மறுநாள் வாளியும் விளக்குமாறுமாக நிற்கிறவன் நான். ஆனாலும் இங்கே மாட்டாதீர்கள் என்று சொல்ல மனசு வந்ததில்லை.

நல்லையா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்து மூன்றில் கப்பலேறி வந்தவர். தாய் தகப்பன் இல்லை. ஒரே தங்கை வடிவு. அவளும் புருஷனும் அடுத்த கப்பலில் வருவதாகப் பேச்சு. அவள் வந்து இறங்குவதற்குள் இவரை வடகவுஞ்சிப் பக்கம் காட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அவள் எந்தத் திசைக்குப் போனாள் என்று கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்தார்கள்.

சந்தைக்கு மலை முழுவதிலிருந்தும் ஆள் வரும். பாச்சலூர்க்காரன் படித்தால் பாச்சலூருக்குச் சேதி போகும், தாண்டிக்குடிக்காரன் படித்தால் தாண்டிக்குடிக்குப் போகும் என்பது அவர் கணக்கு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், தங்கையின் பெயர், தோட்டம், புருஷன் பெயர் எல்லாம் போட்டு, கண்டவர்கள் சொல்லவும் என்று பெரிய எழுத்தில் எழுதினார். ஒருவரும் நிற்கவில்லை. அடுத்த வாரம் அதே சேதிக்குக் கீழே இடம் மிச்சமிருந்ததால், வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்ட ஆட்டைப் பற்றி நாலு வரி சேர்த்தார். கூட்டம் முண்டியடித்தது. எல்லாம் ஆட்டுக்காக.

அன்றிலிருந்து பழைய தாள்களைச் சேர்க்க ஆரம்பித்தார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, யார் நிற்கிறார்கள், எந்த வரியில் முகம் மாறுகிறது என்று பார்ப்பார். பொழுது சாயத் தாளைக் கழற்றி, என் கடையில் வைத்திருந்த மூன்று கட்டுகளில் ஒன்றில் சேர்ப்பார்: சிரிப்பு, அழுகை, சோலி. உருளைக்கிழங்கு விலை, ஜீப் புறப்படும் நேரமெல்லாம் சோலிக் கட்டு. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பிரிக்கமாட்டார். படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கணக்கு. ஒரு கல்யாணச் சேதியைப் படித்துவிட்டு ரெண்டு கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள் என்பதற்காக அது அழுகைக் கட்டில் கிடந்தது.

"எது ஓடுச்சோ அதப் பாத்துத்தான் அடுத்தத எழுதணும் செபாஸ்டின். நம்ம இஷ்டத்துக்கு எழுதினா நாமதானே படிக்கணும்" என்பார்.

சிரிப்புக் கட்டுதான் கொழுத்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தங்கையையும் சிரிப்பாக எழுதுவது என்று முடிவு செய்தார். சின்ன வயசில் வடிவு, கங்காணியின் குடையைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில் வைத்த கதை. குடை எரிய, கங்காணி மழையில் குதிக்க, சந்தையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கடைசி வரியில், இந்த வடிவைத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லவும் என்று இருந்தது. அந்த வரிக்கு வந்ததும் சிரித்த முகம் சப்பென்று ஆகி ஆள் நகர்ந்துவிடும். அதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாவது கதையில் அந்த வரியை எடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்ணே, தங்கச்சியத் தேடுறீங்களா, நாடகம் போடுறீங்களா?"

"மொதல்ல கூட்டம் சேரட்டும். பெறகு சொல்லிக்கலாம் தானே."

கூட்டம் சேர்ந்தது, வருஷக் கணக்கில். வடிவு மலை முழுக்கப் பேர் வாங்கினாள். துடுக்கான பெண்பிள்ளையைக் கண்டால், "ஏலே, இவ ஒரு வடிவுடா" என்பது வழக்கமாயிற்று. நல்லையா என்ற ஒருவருக்கு அப்படியொரு தங்கை இருக்கிறாள் என்பது என்னைத் தவிர யாருக்கும் ஞாபகமில்லை. அந்த வரி திரும்ப வரவேயில்லை. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றார்.

எண்பத்தொன்றில் ஒரு ஞாயிறு, தாண்டிக்குடி காப்பித் தோட்டத்திலிருந்து வரும் ராக்கம்மா தாளைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். நல்லையாவும் பக்கத்தில் நின்றார்.

"இத எழுதுறது யாருங்க? எங்க வேலைச் செட்டுல ஒரு பொம்பள கேக்கச் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. நாந்தான் சந்தக் கூத்துல மறந்து மறந்து போயிருவேன்."

"எதுக்கும்மா?" என்றார் நல்லையா.

"எழுதப் படிக்கத் தெரியாது அதுக்கு. நாந்தான் வாராவாரம் கதையப் போய்ச் சொல்லுவேன். அது பேரும் வடிவுதான். கதையில வர்ற வடிவு நாந்தானுங்கும். எங்க செட்டுல அம்புட்டுப் பேரும் வெளையாட்டுக்கு அப்படித்தான் சொல்லுவோம், அதனால சிரிச்சோம். கொடைய அடுப்புல வச்சது நான் இல்ல, எங்கண்ணன், அடி வாங்குனதுதான் நானுங்கும். அதுக்கும் சிரிச்சோம்."

நல்லையா கதவைப் பிடித்துக்கொண்டார். குடையை உண்மையில் அடுப்பில் வைத்தது யார் என்று அவர் எனக்குக்கூடச் சொன்னதில்லை.

"இப்ப எங்க அது?"

"நெஞ்சுச் சளிண்ணே. போன மாசம் எறந்துபோச்சு. புருசனும் முன்னமே போயிட்டான். நாங்கதான் அடக்கம் பண்ணுனோம்."

ஒரு ஜீப் சவாரி தூரத்தில் இருந்திருக்கிறாள். யாரைத் திட்டுவதென்று தெரியாமல் ராக்கம்மாவை முறைத்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

அடுத்த ஞாயிறு நல்லையா எந்தக் கட்டையும் பிரிக்கவில்லை. முதல் தாளைப் போலவே பெரிய எழுத்தில் எழுதி மாட்டினார்: "என் தங்கை வடிவு தாண்டிக்குடியில் இறந்துவிட்டாள். குடையை எரித்தது நான். அவளுடைய அண்ணன் நல்லையா."

கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒருவன் சத்தமாகப் படித்தான். "அடேய், இந்த வாரம் செத்த மாதிரி நடிக்கிறாடோய்!" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நான் அவன் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தேன். நல்லையா என் கையைப் பிடித்து நிறுத்தினார். பொழுது சாயும்வரை டீக்கடையில் உட்கார்ந்து, எப்போதும்போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தை கலைந்ததும் தாளைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். நான் அழுகைக் கட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"சிரிச்சாங்க தானே செபாஸ்டின்" என்று சொல்லி, சிரிப்புக் கட்டை இழுத்து அதில் வைத்துக் கட்டினார். அதன்பிறகு அதை அவர் பிரிக்கவேயில்லை.